சிப் கிடக்கட்டும், ஸ்டோரேஜைக் கூட்டட்டும்
ஆப்பிளின் குட்டி டெஸ்க்டாப் கணினியான மேக் மினியின் அடுத்த மாடலுக்குப் புதிய சிப் ஒன்றே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2024-ல் எம்4 சிப்போடு வந்த மாடலிலேயே வேகத்துக்குப் பஞ்சமில்லை. அடிப்படை மெமரியை 16 ஜிபி ஆக்கியவர்கள் ஸ்டோரேஜை மட்டும் 256 ஜிபியிலேயே விட்டதுதான் உறுத்தல். வீடியோ எடிட்டிங் செய்கிறவன் நான். ஃபைல்களெல்லாம் வெளியே கேபிளில் மாட்டிய ஒரு எஸ்எஸ்டி டிரைவில்தான், பாதி எக்ஸ்போர்ட்டில் கை பட்டு கேபிள் கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்வதே தனி வேலை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ஆண்டுக்கொரு மாடல் நிச்சயம் என்று எழுதியிருக்கிறார். இந்தப் பெட்டிக்கு அப்படிக் கணக்கெல்லாம் கிடையாது: 2014-க்குப் பிறகு 2018-ல்தான் புதுப்பித்தார்கள், எம்3 சிப்பைத் தொடாமலே எம்2-லிருந்து எம்4-க்குத் தாவினார்கள். அடியில் ஒளிந்திருக்கும் பவர் பட்டனைப் பற்றித்தான் எல்லோரும் புலம்புகிறார்கள். தினமும் ஆஃப் செய்யாதவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 512 ஜிபியில் தொடங்கட்டும், பழைய சிப்பே இருந்தாலும் வாங்கிவிடுவேன்.