மாத்திரை டப்பாவையும் பாருங்கள்

முதியவர்கள் கீழே விழாமல் இருக்க முதியோர் இல்லங்களில் வழுக்காத தரையும் கைப்பிடியும் வேண்டும் என்று உங்கள் கட்டுரை சொல்வது சரி. ஆனால் இல்லத்தில் என் அப்பா விழுந்தது காய்ந்த தரையில். விடிகாலை பாத்ரூம் போக எழுந்தவர், இரண்டடி வைப்பதற்குள் கண் இருட்டிச் சரிந்துவிட்டார். பிரஷருக்கு இரண்டு மாத்திரை, புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின், தூக்கத்துக்கு அல்பிரசோலாம். நான்கும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின். எழுதியது மூன்று டாக்டர்கள், ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்த்ததில்லை. அப்புறம் ஒரு முதியோர் நல மருத்துவர் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பார்த்தார். நிற்கும்போது மேல் அளவு 20 இறங்கினாலே எச்சரிக்கையாம், அப்பாவுக்கு 34 இறங்கியிருந்தது. இந்த மாத்திரைகள் சேர்ந்தால் எழும்போது பிரஷர் இப்படி இறங்கலாமாம். தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தார். இல்லம் நடத்துபவர்களே, எல்லாச் சீட்டுகளையும் ஒரே டாக்டரிடம் காட்டுங்கள், தயவுசெய்து.