ரகுவரன் செய்த அப்பாக்கள்

மார்ச் 19 வந்தாலே முகநூலில், ரஜினியின் பாஷாவில் நடிகர் ரகுவரன் செய்த வில்லன் மார்க் ஆன்டனியின் படம் ஓடத் தொடங்கிவிடும். டிசம்பர் 11 வந்தாலும் அதே படம்தான். ஒன்று ரகுவரன் இறந்த நாள், மற்றது பிறந்த நாள், இரண்டுக்கும் "தமிழ் சினிமா கண்ட மிகச் சிறந்த வில்லன்" என்று ஒரே வரி. இந்த முறை எங்கள் கிளிநொச்சிப் பெடியள் சிலரும் அதைப் பகிர்ந்திருந்தார்கள், பாஷா வந்த காலத்தில் பிறந்தே இராத பெடியள். அவர்களுக்கு ரகுவரனைத் தெரிந்திருக்கிறதே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை, ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரகுவரனின் பெரிய வேலை எல்லாம் வீட்டு ஆம்பிளைகளில்தான் இருக்கிறது. அப்பா, அண்ணன், மூத்த மகன், அத்தான். வில்லன் வேடங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வில்லன்கள் ஏன் இவ்வளவு காலம் மனதில் நிற்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தால், அங்கேயும் இந்த வீட்டு ஆளின் பழக்கவழக்கம்தான் தெரிகிறது. சத்தம் போடாமல் கதைப்பது, எதிரில் இருப்பவர் சொல்வதை முழுதாகக் கேட்பது, கேட்டு முடித்த பிறகு ஒரு கணம் விட்டுப் பதில் சொல்வது.

1958இல் கேரளத்தின் கொல்லங்கோட்டில் பிறந்தவர், வளர்ந்தது கோயம்புத்தூர், நடிப்புப் படித்தது சென்னை அடையாறு திரைப்படக் கல்லூரி. முதலில் வந்ததே கதாநாயகனாகத்தான். ஹரிஹரன் இயக்கிய ஏழாவது மனிதன், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கிய படம். எல். வைத்தியநாதன் இசையில் பாரதியார் பாடல்கள். "காக்கைச் சிறகினிலே" பாட்டு எங்கள் பக்கம் தெரியாத ஆளே இல்லை. வானொலியில் கேட்டுக் கேட்டு வளர்ந்தோம். அது ரகுவரனின் முதல் படத்துப் பாட்டு என்று சொன்னால் இன்றைக்கும் பலர் நம்ப மாட்டார்கள். இப்படி ஒரு படத்தோடு வந்த ஆளை நாலைந்து வருடத்துக்குள் துப்பாக்கியோடு நிறுத்திவிட்டார்கள். இடையில் கதாநாயகனாகவும் சில படங்கள் வந்தன, ஆனால் அந்த இடம் அவருக்கு நிலைக்கவில்லை.

1986இல் விசுவின் சம்சாரம் அது மின்சாரம். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும். அதில் ரகுவரன் சிதம்பரம், வீட்டின் மூத்த மகன், ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குப் பார்க்கிறவன். தங்கை, தம்பி, அப்பா, எல்லோருக்கும் தான் எவ்வளவு கொடுக்கிறேன், தனக்கு என்ன திரும்பி வருகிறது என்று தாளில் போட்டுப் பார்க்கிற மனிதன். வேறு ஒருவர் நடித்திருந்தால் பார்க்கிற சனம் அவனை வெறுத்துவிட்டு எழும்பிப் போயிருக்கும். ரகுவரன் அவனைக் கெட்டவனாகச் செய்யவே இல்லை. தன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று அவன் முழுதாக நம்புகிறான், அந்த நம்பிக்கை முகத்தில் அப்படியே கிடக்கிறது. அப்பா வீட்டுக்கு நடுவே கோடு போட்டுப் பிரிக்கும்போதும் சிதம்பரத்துக்கு உண்மையாகவே விளங்கவில்லை, தான் என்ன பிழை செய்தேன் என்று. காணிப் பங்கிலும் சீதனக் கதையிலும் இப்படி ஒரு மூத்த அண்ணனை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். வேலி அரை முழம் தள்ளி வந்ததற்காக வருடக்கணக்காகத் தம்பியோடு கதைக்காத மனிதர்கள் எங்கள் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் தங்களைக் கெட்டவர்கள் என்று நினைப்பதில்லை.

தெலுங்குக்கு வருவோம். 1987இல் பூவிழி வாசலிலே தமிழில் வந்தது, சத்யராஜ் படம், ரகுவரன் வில்லன். அதே வருடம் அதே கதை தெலுங்கில் சிரஞ்சீவியோடு பசிவாடி பிராணம் என்று வந்தது, அதிலும் வில்லன் ரகுவரன்தான். பிறகு 1989இல் சிவா. ராம் கோபால் வர்மாவின் முதல் படம், நாகார்ஜுனா, அமலா, இளையராஜா இசை. தமிழில் உதயம் என்ற பெயரில் வந்தது. அதில் ரகுவரன் பவானி என்ற ரவுடித் தலைவன். அந்தக் காலத்து வில்லன் என்றால் கத்த வேண்டும், கண்ணை உருட்ட வேண்டும், கடைசியில் சிரிக்கவும் வேண்டும். பவானி இது ஒன்றும் செய்யவில்லை. அமைதியாக இருந்து ஆட்களை அளந்து பார்க்கிறான், அவ்வளவுதான். தெலுங்குச் சினிமாவில் சிவாவுக்கு முன், சிவாவுக்குப் பின் என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்கிறார்கள், அந்தப் பேச்சில் இயக்குநருக்கும் நாயகனுக்கும் கிடைக்கிற பங்கில் கால்வாசிகூட பவானிக்குக் கிடைப்பதில்லை என்பது என் நீண்ட நாள் கோபம்.

வன்னியில் நாங்கள் இந்தப் படங்களைப் பார்த்த விதம் தனிக்கதை. 1990க்குப் பிறகு சண்டையால் கரண்ட் இல்லை, பாதை இல்லை, எரிபொருளுக்குத் தடை. பாட்டுக் கேட்கச் சைக்கிள் டைனமோவைச் சுற்றிய காலம். யாராவது ஒரு வீட்டில் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரும் ரீவியும் டெக்கும் சேர்ந்தால் அன்றைக்கு ஊரே அந்த முற்றத்தில்தான். எல்லாப் படமும் வந்து சேராது, வருகிற கொப்பியும் பத்துப் பேர் கை மாறி, கோடு விழுந்து, நிறம் வெளிறி வரும். முகம் சரியாகத் தெரியாத அந்தக் கொப்பிகளில் ரகுவரனின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. உதயம் தெலுங்கிலிருந்து வந்த படம் என்பதே அங்கே பலருக்குத் தெரியாது, எங்களுக்கு அது ரகுவரன் படம். எங்கள் முற்றத்தில் பாஷா ஓடியபோது வயதான மாமி ஒருவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது: "உவன் கெட்டவன்தான், ஆனா கதைக்கேக்க கேட்டுக்கொண்டிருக்கலாம் போல கிடக்கு." நான் இதுவரை வாசித்த எந்த விமர்சனத்தையும் விட அது சரியான விமர்சனம்.

புரியாத புதிரை விட்டுவிட்டுப் போக முடியாது. 1990, கே. எஸ். ரவிக்குமாரின் முதல் படம். மனைவி மேல் சந்தேகம் பிடித்த கணவன். "ஐ நோ" என்ற ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிற அந்தக் காட்சியை இன்று பகிடிக் காணொளியாக வெட்டிப் போடுகிறார்கள். தயவுசெய்து முழுக் காட்சியைப் பாருங்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அதே வார்த்தை வேறு ஒன்றாக வருகிறது, ஒரு முறை கெஞ்சலாக, ஒரு முறை மிரட்டலாக, ஒரு முறை தனக்குத் தானே சொல்லிக்கொள்வதாக. அதே வருடம்தான் மணிரத்னத்தின் அஞ்சலி. பிறந்த பிள்ளை இறந்துவிட்டது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, உயிரோடு இருக்கும் அந்தப் பிள்ளையை மறைத்து வைத்துத் தான் மட்டும் போய்ப் பார்த்து வருகிற அப்பா. சந்தேகத்தில் மனைவியைச் சித்திரவதை செய்கிறவனையும், மனைவிக்கு நோகக்கூடாது என்று பொய்யைச் சுமக்கிறவனையும் ஒரே வருடத்தில் ஒரே ஆள் செய்திருக்கிறார், இரண்டிலும் அதே உயரம், அதே மெலிந்த உடம்பு, அதே குரல். ஒப்பனையும் இல்லை, தனியாக ஒரு நடையும் இல்லை. வித்தியாசம் முழுக்க உள்ளே இருந்து வந்தது.

பாஷாவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் 1997இல் வந்த லவ் டுடே பற்றிச் சொல்ல வேண்டும். விஜய் படம், பாலசேகரன் இயக்கியது. ரகுவரன் அதில் வைத்தியர், மகனை நண்பனாக நடத்துகிற அப்பா. மகன் ஒரு பெண்ணின் பின்னால் அலைகிறான், அப்பா திட்டுவதில்லை, பகிடி விடுகிறார், விசாரிக்கிறார், பக்கத்தில் இருக்கிறார். பிறகு மகன் அந்தப் பெண்ணைத் தேடிப் போன நேரத்தில் அப்பா விபத்தில் இறந்துவிடுகிறார். மகனுக்குச் செய்தி சொல்ல வழியில்லை, அவன் வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிடுகிறது.

இந்த இடத்தில் எங்கள் சனம் அழுத அழுகையை நான் வேறு எந்தப் படத்துக்கும் கண்டதில்லை. வன்னியில் அது சினிமாக் கதை இல்லையே. யாழ்ப்பாணத்தில் அம்மா மோசம் போக, கிளாலிக் கடல் பாதையும் இல்லை, ஏ9 தரைப் பாதையும் இல்லை, செத்தவீடு முடிந்து எட்டுக் கழிந்த பிறகு கடிதம் வந்து சேர்ந்த மகன்கள் இருந்தார்கள். வவுனியா ஆஸ்பத்திரியில் அப்பா கிடக்க, பயண அனுமதிப் பாஸ் கிடைக்காமல் இந்தப் பக்கமே நின்றவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டுக்குப் போன பிள்ளைக்குக் கொள்ளி வைக்க வர முடியாது என்று தெரிந்தும் ஒரு நாள் கூடுதலாக உடலை வைத்திருந்த வீடுகள் இருந்தன. இன்றைக்கும் கனடாவில் இருக்கிற மகன் கைபேசியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருக்க, இங்கே பேரனோ மருமகனோ கொள்ளி வைக்கிறார். படத்தில் மகன் காதலுக்காகப் போனான், எங்கள் ஆட்கள் போன காரணம் வேறு, ஆனாலும் வலி வந்து விழுந்த இடம் ஒன்றுதான். அந்த வலி விழுவதற்குக் காரணம் ரகுவரன். சாகும் காட்சியில் அவர் ஒன்றும் செய்யவில்லை, அதற்கு முன்னால் வந்த சின்னச் சின்னக் காட்சிகளில், மகன் சாப்பிட்டானா என்று பார்ப்பது போன்ற இடங்களில், எங்கள் எல்லோருக்கும் இப்படி ஓர் அப்பா இருந்திருக்கலாமே என்ற ஏக்கத்தை உண்டாக்கி வைத்துவிட்டார்.

இந்தப் படத்தை அடுத்த வருடம், 1998இல், தெலுங்கில் சுஸ்வாகதம் என்று எடுத்தார்கள். விஜய் இடத்துக்குப் பவன் கல்யாண் வந்தார். சுவலட்சுமி இடத்துக்குத் தேவயானி. இயக்குநரும் மாறினார், பீமனேனி ஸ்ரீனிவாச ராவ். அப்பா மட்டும் மாறவில்லை, அங்கேயும் ரகுவரன். தெலுங்கில் அப்பா வேடத்துக்கு ஆளில்லாமலா? நாயகனை மாற்றலாம், நாயகியை மாற்றலாம், இந்த அப்பாவை மாற்றினால் படம் நிற்காது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அவரை வெறும் வில்லன் என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஒன்றைத்தான்.

1999இல் முதல்வன். ரகுவரன் செய்த முதலமைச்சர் அரங்கநாதனும் வில்லன்தான், சரி. ஆனால் அந்த நேர்காணல் காட்சியில் முதலமைச்சரின் சிரிப்பு எந்தக் கேள்வியில் உதட்டோடு நின்றுவிடுகிறது, எந்தக் கேள்வியில் அதுவும் போகிறது என்று கவனித்துப் பாருங்கள். அர்ஜுன் கேள்வி கேட்கிறார், காட்சியை நடத்துவது கேட்டுக்கொண்டிருக்கிற ரகுவரன். 2002இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்து ஓமந்தைச் சோதனைச்சாவடி வழியாகச் சீடிகள் கட்டுக் கட்டாக வந்தபோது நாங்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது இந்தக் காட்சி. அதே வருடம் வந்த ரன் படத்தில் மாதவனுக்கு அத்தான். பெரிய வேடம் இல்லை, ஆனால் மச்சானுக்கு ஒன்று என்றால் இந்த மனிதர் வந்து நிற்பார் என்று நம்ப வைக்கிறார்.

2008 மார்ச் 19, சென்னையில் இறந்துபோனார். வயது 49. குடி அவரை எவ்வளவு தின்றது என்பது எல்லோரும் அறிந்த விஷயம். சிவசங்கரியின் ஒரு மனிதனின் கதை தொலைக்காட்சித் தொடராக வந்தபோது குடியால் அழிகிற தியாகுவாக நடித்தவரும் அவர்தான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. அந்த நாட்களில் பாதை திரும்பவும் மூடிக் கிடந்தது, மன்னார்ப் பக்கம் சண்டை, ஒரு நடிகருக்காக நின்று கவலைப்பட வன்னியில் யாருக்கும் நேரமிருக்கவில்லை. செய்தி கேட்டோம், அதோடு போய்விட்டது.

அவர் இறந்து சில நாட்களில், அந்த ஏப்ரலில், யாரடி நீ மோகினி வந்தது. நாங்கள் அதைப் பார்த்தது சண்டை எல்லாம் முடிந்து, முகாமிலிருந்து மீள்குடியேறி வந்த பிறகு. தனுஷுக்கு அப்பா, பள்ளிக்கூட வாத்தியார். மகனுக்காகக் கெஞ்சப் போய், மகன் விரும்பிய பெண்ணிடம் அடி வாங்கி, அன்று இரவே உயிர் போகிற அப்பா. இதன் மூலப்படம் 2007இல் செல்வராகவன் தெலுங்கில் எடுத்த ஆடவாரி மாடலக்கு அர்த்தாலே வேருலே. அதில் வெங்கடேஷின் அப்பாவாக கோட்டா ஸ்ரீனிவாச ராவ். சிவாவில் பவானிக்குப் பின்னால் நிற்கிற அரசியல்வாதி மாச்சிராஜுவாக நடித்தவரும் இதே கோட்டாதான். தெலுங்கில் ஒரு தலைமுறையையே பயமுறுத்திய இரண்டு பேரும் பதினெட்டு வருடம் கழித்து ஒரே அப்பாவை இரண்டு மொழியில் செய்திருக்கிறார்கள். கோட்டாவும் 2025 ஜூலையில் போய்விட்டார். இரண்டையும் பார்த்தேன். கோட்டாவின் அப்பா மகனை நினைத்துப் பெருமைப்படுகிற அப்பா, மனதை நிறைக்கிறார். ரகுவரனின் அப்பா மகனைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்படுகிறார், இவ்வளவு நாளும் இவனை விளங்கிக்கொள்ளாமல் இருந்துவிட்டேனே என்ற வெட்கம். எனக்கு இரண்டாவதுதான் கூடப் பிடித்தது, பக்கச்சார்பு என்றால் அப்படியே இருக்கட்டும்.

2014இல் வேலையில்லா பட்டதாரியில் தனுஷின் பாத்திரத்துக்கே ரகுவரன் என்று பெயர் வைத்தார்கள். 2018இல் அவர் இசையமைத்து வைத்திருந்த பாடல்களை ரஜினிகாந்த் வெளியிட்டார். நல்ல விஷயங்கள்தான். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது, நாற்பது வயதுக் குடும்பத் தலைவனை நடுவில் வைத்து ஒரு முழுப் படத்தை இரண்டு சினிமாவும் சேர்ந்து அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம். தெலுங்கில் அவ்வளவு பணம் புழங்கியது, தமிழில் அவ்வளவு நல்ல எழுத்தாளர்கள் இருந்தார்கள். நாயகன் அடிப்பதற்கு ஒருவரும் அழுவதற்கு ஒருவரும் தேவைப்பட்டபோதெல்லாம் அவரைக் கூப்பிட்டார்கள், அவரைச் சுற்றி ஒரு கதை கட்டலாம் என்று மிகச் சிலருக்குத்தான் தோன்றியது.

மார்க் ஆன்டனி படத்தைப் பகிர்கிற பெடியளிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வார இறுதியில் லவ் டுடே பாருங்கள், முடிந்தால் அப்பாவோடு இருந்து பாருங்கள். பிறகு சம்சாரம் அது மின்சாரம். தெலுங்கு விளங்கும் என்றால் சுஸ்வாகதத்தையும் எடுத்துப் பாருங்கள், இரண்டு மகன்களுக்கும் இந்த அப்பா ஒரே மாதிரித்தான் இருக்கிறாரா, விஜய்க்கு ஒன்று பவன் கல்யாணுக்கு ஒன்று என்று எதையாவது மாற்றியிருக்கிறாரா என்று எனக்குக் கீழே எழுதுங்கள். நான் மாற்றியிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.