பிள்ளைகளைப் பாட்டி பக்கத்தில் உட்காரவையுங்கள்

சென்ற ஆண்டு அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. புதுக் கண்ணாடி போட ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். சிங்கப்பூரில், எங்கள் ஈசூன் வீட்டில் இரவு எட்டரை மணிக்குக் குடும்ப ஜெபம். வேதம் வாசிப்பது எப்போதும் அம்மாதான். நான் வேலை முடிந்து வர ஒன்பதாகிவிடும். சரி, பேத்தியே வாசிக்கட்டும் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். என் மகள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். தமிழில் சுமார்தான்.

அந்த வேதாகமம் அம்மா கல்யாணமாகித் தமிழ்நாட்டு நாசரேத்திலிருந்து சிங்கப்பூர் வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முன்னால் அச்சானது. பள்ளியில் புது எழுத்து மட்டுமே படித்த பிள்ளைக்கு முதல் வரியிலேயே தடுக்கியது.

"பாட்டி, இது என்ன எழுத்து? எங்க புக்ல இது இல்லையே."

"லானா தலையில தும்பிக்கை மாதிரி இருக்கா? அப்போ அது லை."

அம்மா புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. 23-ஆம் சங்கீதம் அவருக்கு மனப்பாடம். பிள்ளை 'தாழ்ச்சியடையேன்' என்ற சொல்லில் மூன்று முறை திக்கினாள். அப்புறம் அர்த்தம் கேட்டாள். நான் அப்போதுதான் வந்து வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "ஒரு குறையும் வராதுன்னு அர்த்தம்மா" என்று சொன்ன அம்மா, அதோடு நிறுத்தவில்லை. 1985 பொருளாதார மந்தத்தில் கப்பல் பட்டறையில் தாத்தாவுக்கு வேலை போனதைச் சொன்னார். ஏழு மாதம் சம்பளம் இல்லை. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு மூட்டை அரிசி இருந்ததாம். சபையில் யார் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாதாம். "அந்த மூட்டையைப் பார்த்த அன்னைக்குத்தான் இந்த வசனம் எனக்கு விளங்குச்சு" என்றார்.

அப்போது எனக்கு வயது 7. அதே வீட்டில்தான் இருந்தேன். இந்தக் கதையை ஒருநாளும் நான் கேட்டதில்லை. நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு எண்ணம். விசுவாசத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஞாயிறு பள்ளி, முகாம், வண்ணப் புத்தகம் என்று என்னென்னவோ செய்கிறோம். எல்லாம் நல்லதுதான். ஆனால் கர்த்தரை நம்பி வாழ்ந்து பார்த்த ஒரு ஆள் வீட்டிலேயே இருக்கிறார். அவரையும் பிள்ளையையும் பிரித்து வைப்பது நாம்தான், நடுவில் இருக்கும் அப்பா அம்மாக்கள்.

ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். பாட்டி தாத்தாவைத் தமிழ் ஆராதனையில் இறக்கிவிட்டுப் பிள்ளைகளை ஆங்கில ஆராதனைக்குக் கூட்டிப்போகிறோம். "அவங்களுக்குத் தமிழ்ல புரியாது" என்று நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்கூட. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு, பத்து ஆண்டுக்கு முன் 3.3. அதே காலத்தில் கிறிஸ்தவர்கள் 18.3-லிருந்து 18.9 ஆகியிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் நல்ல விசுவாசிகளாகவே வளரலாம், எனக்கு அதில் பயமில்லை. பாட்டி அவர்களுக்காக அழுது ஜெபிப்பது என்னவென்று விளங்காமலேயே வளர்ந்துவிடுவார்கள் என்பதுதான் என் பயம்.

இந்த ஊரில் தமிழ் ஜெபத்துக்கு ஆழமான வேர் இருக்கிறது. தமிழ் மெதடிஸ்ட் சபை 1887-இல் தொடங்கியது. ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா ஆலயத்தைத் தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888-இல் கட்டினார்கள். ஐந்தாறு தலைமுறை ஜெபித்த மொழி நம் காலத்தில் வெறும் சத்தமாகிவிடக் கூடாது.

தாத்தா பாட்டிகளிடமும் ஒரு வார்த்தை. ஜெபம் பண்ணாவிட்டால் பிஎஸ்எல்இயில், அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில், மார்க் வராது என்று தயவுசெய்து பயமுறுத்தாதீர்கள். அத்தை பிள்ளை பத்து வசனம் சொல்கிறான், உனக்கு ஒன்றுகூட வராதா என்று ஒப்பிடவும் வேண்டாம். அப்படி வளர்ந்து ஆலயப் பக்கமே வராமல் போனவர்கள் என் கூட்டாளிகளிலேயே இருக்கிறார்கள். உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். பதில் கிடைக்காத ஜெபத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதைத்தான் நம்புவார்கள்.

வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் தன் இளம் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, இந்த விசுவாசம் முதலில் உன் பாட்டி லோவிசாளிடம் இருந்தது என்று பெயர் சொல்லி எழுதுகிறார். தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கர், தாய் யூதப் பெண். இரண்டு பண்பாடு கலந்த வீடு, கிட்டத்தட்ட நம் வீடுகள் மாதிரிதான். அந்த வீட்டிலும் பாட்டியின் விசுவாசம் பேரனிடம் வந்து சேர்ந்தது.

நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு மகள் பாட்டியோடு தமிழ் ஆராதனைக்குப் போகிறாள். பிரசங்கம் பாதி புரியாது, கீர்த்தனை பாடும்போது பாட்டி விரல் வைக்கும் வரியைப் பார்த்துப் பாடுகிறாள். முதல் மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இப்போது சனிக்கிழமை இரவே பாட்டியின் சேலையை எடுத்து வைக்கிறாள்.

அம்மாவுக்குக் கண்ணாடி வந்து பல மாதம் ஆகிவிட்டது. வாசிப்பது இன்னும் பேத்திதான். போன வாரம் அந்த வேதாகமத்தைத் திறந்து பார்த்தேன். அதில் ஒரு கோடுகூடப் போட விடாதவர் அம்மா. சங்கீதம் முழுக்கப் பழைய எழுத்துகளுக்கு மேலே பென்சிலால் பொடிப்பொடியாகப் புது எழுத்து எழுதியிருந்தது.