பிரஷர் கேட்கலாம், மனசு எப்படி இருக்கு என்று கேட்கக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை முகாமில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வாட்ஸாப்பில் ஆளுக்கொரு கதை ஓடுவதால் நானும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் சுகாதார முகாமுக்கு அடித்த படிவத்தில் எடை, பிரஷர், சர்க்கரை, கடைசியாக மார்பகப் பரிசோதனை செய்த தேதி. அதற்குக் கீழே இரண்டே கேள்விகள்: கடந்த ஒரு மாதத்தில் மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா? எதிலும் ஆர்வமில்லாமல் போனதா? காலையில் வந்து பார்த்த பெரியவர்கள், "இது என்ன பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டு, கட்டுக் கட்டாக அடிப்பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார்கள். கோணல்மாணலாக. சில தாள்களில் சர்க்கரை அளவு எழுதும் கட்டமும் சேர்ந்தே போய்விட்டது. பரவாயில்லை, ஊர் மானம் பிழைத்ததே!

நான் சொல்வது ஒன்றுதான். பிரஷர் பார்க்கிற அதே நாற்காலியில், அதே மிஸ்ஸி, அதாவது நர்ஸ், மனசைப் பற்றியும் கேட்க வேண்டும். "வேண்டுமானால் ஓரமாகத் தனி மேசை போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஓர் அண்ணன் சமாதானம் பேசினார். நல்ல மனிதர்தான். ஆனால் நம்ம ஊரில் அந்த ஓரத்து மேசைக்கு யார் போவாள்? மூணு தாமான் குடியிருப்பு, ஒரு கோயில், நாலு ஒட்டுக்கடை. உட்கார்ந்து எழுவதற்குள் மாமியார் காதுக்குச் செய்தி போய்விடும். சர்க்கரை மேசையிலேயே கேட்டால், சர்க்கரை பார்க்கப் போனாள் என்பதோடு பேச்சு முடிந்தது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. தாய்சேய் நலச் சேவையோடு மனநலத்தையும் சேர்த்துப் பாருங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வழிகாட்டியே வெளியிட்டது. வளரும் நாடுகளில் பிள்ளை பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, என்பதும் அவர்கள் கணக்குதான். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ என்ற பத்துக் கேள்விப் பட்டியல் 1987-லேயே வந்துவிட்டது. நாம் இன்னும் கத்தரிக்கோலோடு நிற்கிறோம்.

என் இரண்டாவது பிள்ளை பிறந்த நேரம். பச்சை உடம்பு. மிஸ்ஸி வீட்டுக்கு வருவார், தையலைப் பார்ப்பார், பிள்ளையின் கொப்பூழைப் பார்ப்பார், எடை போடுவார், புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவார். குறை சொல்ல முடியாது, கடமை தவறாத பெண். மாமியார் அரைத்துக் கொடுத்த மருந்தைச் சாப்பிட்டுவிட்டு, கழுவிய பால் புட்டியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நிற்பேன். அழுகை வெளியே கேட்காமலிருக்கத்தான் குழாயைத் திறந்து வைத்திருந்தேன். பிள்ளையைப் பற்றி எல்லாரும் கேட்டார்கள். "உனக்கு எப்படியிருக்கும்மா?" என்று ஒரே ஒருத்தர் கேட்டிருந்தால் அங்கேயே கொட்டியிருப்பேன்.

"அந்தக் காலத்தில் நம்ம பாட்டிகளுக்கெல்லாம் இது இருந்ததா?" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். என் பாட்டி கைக்குழந்தையை ஆயா கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டோடு ரப்பர் மரம் சீவப் போனவள். அவளுக்கு மனச்சோர்வே இல்லை என்று உங்களிடம் வந்து சொன்னாளா? தோட்டத்து லயத்து வீடுகளில் பிள்ளை பெற்ற பெண் பித்துப் பிடித்த மாதிரி உட்கார்ந்தால் காத்து கருப்பு என்று பூசாரியிடம் இழுத்துப் போனார்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை. 1911-ல் திறந்த அந்த மருத்துவமனையை நூறு வருஷத்துக்கு மேலாகக் கேலிப் பேச்சாகவே வைத்திருக்கிறோம். யாராவது கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலும் "ரம்புத்தானுக்கு டிக்கெட் எடுக்கவா?"

"கேட்டுவிட்டு என்ன செய்வீர்கள், டாக்டரா இருக்கிறார்?" இதுவும் வந்தது. சர்க்கரை கூடியிருந்தால் மட்டும் நாமா மருந்து கொடுக்கிறோம்? ஒரு கடிதம் எழுதி அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்புகிறோம். இதற்கும் அதே கிளினிக், அதே 1 ரிங்கிட். போனில் பேச மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண், ஹீல் 15555 இருக்கிறது. போதுமா என்றால் போதாது. அதற்காக, கேட்காமலே இருந்துவிடலாமா?

இன்னொருவர் "எல்லாப் பெண்களையும் நோயாளி ஆக்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். ஐயா, பிரஷர் பார்த்ததால் எல்லாருக்கும் பிரஷர் வந்துவிட்டதா?

எனக்குக் கேள்வியை வெட்டியதைவிட, வெட்டியவர்கள் யார் என்பதுதான் வலிக்கிறது. மண்டபத்தைக் கூட்டியது, நாற்காலி போட்டது, மீ கோரெங் பொட்டலம் கட்டியது, வீடு வீடாகப் போய்ப் பெண்களை அழைத்தது எல்லாம் நாங்கள். பெண்களிடம் எதைக் கேட்கலாம் என்று முடிவு செய்தது மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆறேழு வேட்டிகள். அதில் ஒருவர் என் தோளைத் தட்டி, "கோபப்படாதம்மா, பொம்பளைங்க மனசு எங்களுக்குத் தெரியாதா?" என்றார். அவர் வீட்டு அம்மா ஒரு வருஷமாக வாசலைத் தாண்டி வெளியே வருவதில்லை. தெருவுக்கே தெரியும். அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

தலைவர் அண்ணே, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த கூட்டம் எப்போது என்று குழுவில் போடுங்கள், நானும் வருகிறேன். இந்த முறை டீ வேறு யாராவது கலக்கட்டும்.