படத்தில் அப்பா எங்கே இருக்கிறார்?

ஞாயிற்றுக்கிழமை, ஓவியத்தைக் காட்டிப் பிள்ளைகளைக் கதை எழுதச் சொன்ன போட்டியில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று, படத்தில் இல்லாததை எழுதினாள் என்று என் வகுப்புப் பெண்ணை மேடையில் கேலி செய்த அந்த நடுவரே ‘ஓவியம் பார்த்து எழுதுவது எப்படி’ என்று நீளமாக ஒரு பதிவு போட்டு, அதன் கீழே எல்லோரும் வரிசையாக இதயம் விட்டிருப்பதைப் பார்த்த பிறகு முடியவில்லை. சரி, நானும் எழுதிவிடுகிறேன்.

சார், படத்தில் இல்லாததை எழுதத்தான் படத்தைக் காட்டுகிறோம். இருப்பதை எழுதுவதற்குப் படமே போதுமே, பிள்ளைகள் எதற்கு?

அன்று காட்டியது வான்கோ 1888இல் தீட்டிய படகு ஓவியம். பிரான்சின் தென்கரையில் மணலில் ஏற்றி நிறுத்திய நான்கு மீன்பிடிப் படகுகள். அதைப் பார்த்ததும் அந்தக் காசிமேட்டுப் பெண் என் காதருகே வந்து கேட்டது இதுதான்: "அங்கியும் தடைக்காலமாக்கா?" ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் இனப்பெருக்கத்துக்கான தடையால் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாத வீட்டில் வளர்கிற பிள்ளைக்குக் கரையில் நிற்கிற படகு என்றால் வேறென்ன தோன்றும்? தினமும் சாயங்காலம் போய், கட்டிக்கிடக்கிற போட்டில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிற அப்பாவைப் பற்றி எழுதினாள். தூக்கில் டீ எடுத்துக்கொண்டு போகிற மகளைப் பற்றியும்.

அதற்குத்தான் நடுவர் மேடையில், மைக்கில், "படத்துல ஆளே இல்லையேம்மா, அப்பா எங்கேருந்து வந்தார்?" சபையும் சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறீர்கள். தெரியும்.

இன்னொன்று சொல்கிறேன். அந்தப் படகுகளைப் பார்த்துக்கொண்டே வான்கோ வண்ணம் தீட்டவில்லை. காலையில் அவை கடலுக்குப் போய்விடும். அதனால் அவசரமாகக் கோட்டுச் சித்திரம் போட்டுக்கொண்டு, ஆர்ல் நகரத்துக்குத் திரும்பிய பிறகு எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். எதிரே இல்லாத படகை அவர் தீட்டலாம், எதிரே இல்லாத அப்பாவை இவள் எழுதக் கூடாது. நல்ல நியாயம்.

அந்தப் படகுகளில் ஒன்றில் ‘நட்பு’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் எழுதியிருக்கும். எனக்கு அந்த எழுத்தைப் பார்த்தால் என் அப்பா நினைவுதான் வரும். ராயபுரத்தில் போர்டு எழுதுகிறவர் அவர். எம்.ஜி.ஆர். படம் போடுவார், மாதா படம் போடுவார், கண்ணீர் அஞ்சலிக்கு முகம் போடுவார். ஆனாலும் பேர் என்னவோ ‘போர்டு எழுதுறவர்’தான். தடைக்காலத்தில் போட்டுகளுக்குப் பழுது பார்த்து பெயின்ட் அடிப்பார்கள், அப்போது பெயரும் நம்பரும் எழுத அப்பாவைக் கூப்பிடுவார்கள். "அண்ணா, தூரத்துலேர்ந்து பாத்தாலும் தெரியணும், பெருசா எழுதிக் குடுண்ணா." கூலி பாதிதான் கைக்கு வரும். மீதி ஜூன் மாதம் மீனாக வரும். (வஞ்சிரமாக வந்ததில்லை.) பெயின்ட் டப்பா பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை கேட்பேன், அப்பாவும் சளைக்காமல் இட்டுக்கட்டிச் சொல்வார். நான் எழுதக் கற்றுக்கொண்டது அங்கேதான். அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது, அப்பாவின் தூரிகைகள் பரணுக்குப் போயின. அதை இப்போது ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

தமிழில் வரைவதும் எழுதுவதுதான். கோலம் எழுதுவோம், கண்ணுக்கு மை எழுதுவோம். சங்க நூலான பரிபாடலில் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்துக்குப் பெயரே ‘எழுத்துநிலை மண்டபம்’. அங்கே வந்தவர்கள் சுவரைக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்க, கூட வந்தவர்கள் இவள் அகலிகை, அவன் கவுதமன், பூனையாக நிற்பவன் இந்திரன் என்று கதை சொல்கிறார்கள். அதாவது படம் பார்த்துக் கதை சொல்லும் பழக்கம் நேற்று வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது அல்ல.

‘படத்தைக் காட்டி எழுதச் சொல்வது ஊன்றுகோல், சொந்தக் கற்பனை உள்ளவனுக்கு அது தேவையில்லை’ என்று ஒரு பின்னூட்டம். இன்னொரு சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் கணவன் பாசறையில் இருக்கிறான். அரசி கட்டிலில் கிடந்து, மேலே விதானத்தில் நிலவோடு பிரியாமல் சேர்ந்து நிற்கும் அவன் மனைவி உரோகிணியின் ஓவியத்தைப் பார்க்கிறாள். பெருமூச்சு விடுகிறாள். நம் நடுவர் பக்கத்தில் இருந்திருந்தால், "படத்துல நிலாதானேம்மா இருக்கு, வீட்டுக்காரர் எங்கேருந்து வந்தார்?" என்று கேட்டிருப்பார். அதை எழுதிய நக்கீரருக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைத்திருக்காது.

‘போட்டி என்றால் விதி இருக்கும்’ என்பீர்கள். இருக்கட்டும். ‘படத்தை ஒட்டி எழுதுக’ என்றுதான் தாளில் இருந்தது, ஒட்டித்தான் எழுதினாள். ‘உன் வகுப்புப் பெண் என்பதால் உனக்குக் கோபம்’ என்றால், ஆமாம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே. பரிசு கிடைக்காததில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதி, அழித்துவிட்டேன்.

ஆனால் உண்மையில் எரிச்சல் அந்தக் கேள்விகூட இல்லை. இறங்கி வரும்போது அவர் மெதுவாகச் சொன்னது: "இந்த ஏரியாப் பசங்க எதைக் குடுத்தாலும் கஷ்டத்தையே எழுதுதுங்க." சார், அவள் கஷ்டத்தை எழுதவில்லை. ஓர் ஆள் தன் படகில் போய் உட்கார்ந்திருப்பதை எழுதினாள். அதைக் கஷ்டம் என்று படித்தது நீங்கள். வேறு பேட்டைப் பிள்ளை அதே படத்துக்குத் தாத்தாவோடு கோவா போனதை எழுதியது. அந்தத் தாத்தாவும் படத்தில் இல்லை. அவருக்கு இரண்டாம் பரிசு.

அவளுடைய தாள் என்னிடம்தான் இருக்கிறது. மேடையில் நீங்கள் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டீர்கள். அப்பா டீயைக் குடித்துவிட்டு அவளிடம் என்ன கேட்டார் என்பது பின்பக்கத்தில் இருக்கிறது. வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறேன்.