பந்து அவர்களிடமே இருக்கட்டும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு மைதானத்தில் மாலை நேரங்களில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். சென்ற வாரம் மூன்று கோல் வாங்கித் தோற்றுத் திரும்பும்போது, வேனில் என் அருகில் உட்கார்ந்திருந்த லெஃப்ட் பேக் (இடப்பக்கத் தடுப்பு) ஆடும் பையன், "பந்தே நம்ம காலுக்கு வர மாட்டேங்குதுங்ண்ணா, அப்புறம் எப்புடிங் ஜெயிக்கிறது?" என்று கேட்டான். ஊர் வந்து சேர்வதற்குள் சொல்லி முடிக்க முடியாத பதில் அது என்பதால் இங்கே எழுதுகிறேன். கடந்த பதினைந்து ஆண்டுகளில் பந்தை விடாமல் பாஸ் போட்டே ஆடும் ஸ்பெயினை எதிர்த்து இறங்கிய ஒவ்வொரு அணிக்கும் முன்னால் நின்ற கேள்வியும் இதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாஸ் மேல் பாஸ் போட்டுப் பந்தைத் தன்வசமே வைத்திருக்கும் அணியை வெல்ல நினைப்பவர், எவ்வளவு நேரம் பந்து நம்மிடம் இருக்கிறது என்ற கணக்கையே மறந்துவிட வேண்டும். எதிரணி எந்த இடத்தில் பந்தை வைத்துக்கொள்ளலாம் என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும். பறித்த பந்தின் முதல் பாஸ் எங்கே போக வேண்டும் என்பதை ஆட்டத்துக்கு முன்பே பழகியிருக்க வேண்டும். முதல் வேலையை மட்டும் செய்யும் அணி பெனால்டி வரை தாக்குப்பிடிக்கும். இரண்டையும் செய்யும் அணிக்கு 90 நிமிடத்தில் வெல்லும் வாய்ப்பு உண்டு.

2018 உலகக் கோப்பையில் ரஷ்யா முதல் வகையைச் சேர்ந்தது. பின்னால் ஐந்து பேரை நிறுத்தி, ஸ்பெயினை 1,000-க்கும் மேற்பட்ட பாஸ்கள் போட விட்டு, 1-1 என்று முடித்து, பெனால்டியில் வென்றது. வெற்றி வெற்றிதான் என்றாலும், பையன்களுக்கு அந்த ஆட்டத்தை நான் போட்டுக்காட்ட மாட்டேன். 2022 டிசம்பர் 6 அன்று மொராக்கோ ஆடிய ஆட்டத்தைத்தான் காட்டுவேன். அன்றும் ஸ்பெயின் 1,000-க்கு மேல் பாஸ் போட்டது, 120 நிமிடத்தில் ஒரு கோல்கூட விழாமல் அன்றும் பெனால்டிக்கே போனது, ஆனால் ஆட்டத்தின் தன்மை வேறு. மொராக்கோவின் முன்கள வீரர் என்-நெசிரி ஸ்பெயினின் சென்டர் பேக்குகளை, அதாவது நடுத்தடுப்பு வீரர்களை, விரட்டிக்கொண்டு ஓடவில்லை; அவர்களின் நடுக்கள வீரர் புஸ்கெட்ஸுக்குப் போகும் வழியை மறித்து நின்றார். நடுவழி அடைபட்டதால் பந்து பக்கவாட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் பாசனம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: வருகிற தண்ணீரை நிறுத்த முடியாது, மடையை மாற்றி எந்தப் பாத்திக்குப் போக வேண்டும் என்று திருப்பிவிடத்தான் முடியும். பந்தைப் பறித்ததும் மொராக்கோவின் நடுக்கள வீரர்கள் அம்ராபத்தும் உனாஹியும் கண்ணை மூடிக்கொண்டு வெளியே அடிக்காமல், காலில் வைத்து இரண்டு பேரைத் தாண்டி வெளியே வந்தார்கள். பெனால்டியில் ஸ்பெயின் அடித்த மூன்றில் ஒன்று கம்பத்தில் பட்டது. இரண்டை மொராக்கோ கோல்கீப்பர் போனோ தடுத்தார்.

அதற்கு ஐந்து நாள் முன்பு அதே ஸ்பெயினிடம் ஜப்பான் செய்தது அதைவிடப் பெரிய காரியம். ஆட்டத்தில் வெறும் 17.7 சதவீத நேரமே அவர்களிடம் பந்து இருந்தது. முடிவு 2-1, வென்றது ஜப்பான். நம் ஊரில் நள்ளிரவு தாண்டித் தொடங்கிய அந்த ஆட்டத்தில் 11-ஆவது நிமிடமே ஸ்பெயினின் மொராட்டா கோல் போட்டுவிட்டார். பல அணிகள் அங்கேயே பதறி, முன்னே பாய்ந்து, பின்னால் இடம் கொடுத்து இன்னும் இரண்டு வாங்கியிருக்கும். ஜப்பான் இடைவேளை வரை அசையாமல் நின்றது. இடைவேளையில் டோவானும் மிட்டோமாவும் மாற்று வீரர்களாக உள்ளே வந்தார்கள். ஸ்பெயின் கோல்கீப்பர் உனாய் சிமோன் காலில் பந்து இருக்கும்போதே எல்லாரும் சேர்ந்து நெருக்கினார்கள். 48-ஆவது நிமிடம் டோவான், 51-ஆவது நிமிடம் தனாக்கா கோல் போட்டார்கள். முழு ஆட்டமும் ஓடி ஓடி நெருக்க எந்த அணிக்கும் மூச்சு இருக்காது. எந்தப் பத்து நிமிடத்தில் நெருக்குவது என்பதைத் தேர்ந்தெடுப்பதில்தான் பயிற்சியாளரின் திறமை இருக்கிறது.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2010 உலகக் கோப்பையில் ஸ்பெயின் முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் 0-1 என்று தோற்றது. பிறகு நாக் அவுட்டில் நான்கு ஆட்டங்களையும் 1-0 என்றே வென்று கோப்பையைத் தூக்கியது. அந்த நான்கு கோல்களும் விழுந்த நிமிடங்களைப் பாருங்கள்: 63, 83, 73, 116. எல்லாமே ஒரு மணி நேரத்துக்குப் பிறகு. எதிரணியைப் பந்தின் பின்னால் ஓடவைத்துக் கால் களைத்த பிறகுதான் அவர்கள் அறுவடை செய்தார்கள். அப்போது மூன்று மாற்று வீரர்கள்தான். இப்போது ஐந்து பேர். அந்த ஐவரில் நடுக்களத்துக்கும் பக்கவாட்டுக்கும் இருவரையாவது அறுபதாவது நிமிடத்துக்குத் தயாராக வைக்காத பயிற்சியாளர் ஆட்டத்தைப் பாதியில் கைவிடுகிறார் என்றே சொல்வேன்.

முதல் பாஸ் என்று நான் சொல்வதற்கு 2014 உலகக் கோப்பையில், பிரேசிலின் சால்வடார் நகரில் ஸ்பெயினை நெதர்லாந்து வென்ற ஆட்டத்தைவிட நல்ல பாடம் கிடையாது. இடதுபக்கம் நடுக்கோட்டருகே இருந்து டேலி பிளிண்ட் தூக்கிப்போட்ட ஒரே பந்து, தடுப்பு வரிசைக்குப் பின்னால் ஓடி வந்த வான் பெர்சியின் தலைக்குச் சென்றது. அவர் பாய்ந்து முட்டிய பந்து ஸ்பெயின் கோல்கீப்பர் காசியாஸின் தலைக்கு மேலே உள்ளே போனது. 5-1 என்று முடிந்த ஆட்டம் அந்தக் கோலில் 1-1 ஆனது. பந்தை வைத்து ஆடும் அணியின் பின்வரிசை மேலேறித்தான் நிற்கும், அதன் பின்னால் கிடக்கும் வெற்று நிலம்தான் நமக்குச் சொந்தம்.

நான் பாஸ் ஆட்டத்தின் எதிரி அல்ல. கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி ஸ்பானிய வீரர்களோடு 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்ற நாட்களில் கேலரியில் தொண்டை கட்டக் கத்தியவன். அந்த ஆட்டத்தை நேசிப்பதால்தான் அதை எப்படி உடைப்பது என்றும் யோசிக்கிறேன். இன்றைய ஸ்பெயின் யமாலும் நிகோ வில்லியம்ஸும் இரு பக்கமும் பாய, 2024-இல் யூரோ கோப்பையை வென்ற அணி. பக்கவாட்டுக்குத் திருப்பிவிட்டால் போதும் என்ற பழைய கணக்கு அவர்களிடம் அப்படியே பலிக்காது. ஐரோப்பிய நாடுகள் மோதும் நேஷன்ஸ் லீக்கின் 2025 இறுதியில் போர்ச்சுகலின் நூனோ மெண்டெஸ் யமாலை மறித்ததோடு நிற்காமல், அவர் பக்கமாகவே மேலேறி ஒரு கோலும் போட்டார். அந்த ஆட்டத்தைப் பெனால்டியில் போர்ச்சுகல் வென்றது.

நேற்று மைதானத்தில் சுண்ணாம்பில் கோடு போட்டு, பந்தைப் பறித்த நான்கு நொடிக்குள் அது நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும் என்று விதி வைத்தேன். வேனில் கேள்வி கேட்ட அதே பையன் பத்து முறை பறித்தான், மூன்று முறை தாண்டவைத்தான். இருட்டிவிட்டது, பந்து தெரியவில்லை, "இன்னும் ஒருக்கா பார்க்கலாமுங்ண்ணா" என்று கோட்டருகிலேயே நின்றுகொண்டிருந்தான்.