கோழி வலை என்று பெயர் வைத்தவரை நான் ஒருமுறை பார்க்க வேண்டும்

காலையில் கூண்டைத் திறக்கப் போகும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. சத்தமே இல்லை. கதவுச் சத்தம் கேட்டாலே முண்டியடித்துக்கொண்டு வரும் ஏழு கோழிகளும் அன்று வரவில்லை. நான்கு தரையில் கிடந்தன. மூன்று மேல்கட்டையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சிலைபோல் உட்கார்ந்திருந்தன.

செத்த நான்கில் ஒன்றைக்கூடத் தின்னவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். முதுகிலும் தொடையிலும் கண்ட இடத்தில் கடித்து, இறகெல்லாம் எச்சிலில் நனைந்து, துணிப் பொம்மையைக் குதறிப் போட்டதுபோல் கிடந்தன.

நான் குழி தோண்டி முடிப்பதற்குள் தீர்ப்புகள் வரத் தொடங்கின. "கீரிதான்." "நரியாக இருக்கும்." "மரநாய், சந்தேகமே வேண்டாம்." ஐயா, இத்தனை பேரில் ஒருவராவது குனிந்து அந்தக் கோழிகளைப் பார்த்தீர்களா? கீரி பகலில் திரிகிற பிராணி. ராத்திரி நடந்த கொலைக்கு அதை எதற்கு இழுக்கிறீர்கள்? நரி வந்திருந்தால் ஒன்றையாவது தூக்கிக்கொண்டு போயிருக்கும். மரநாய் பெரும்பாலும் கழுத்தைத்தான் பார்க்கும். இப்படி முதுகில், பின்புறத்தில், எங்கே வாய் பட்டதோ அங்கெல்லாம் கடித்துவிட்டு, தின்னாமல் போட்டுவிட்டுப் போவது யார் வழக்கம்? நாய். நான் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. நாய் என்று சொன்னால் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருப்பாரே, அந்தச் சங்கடம்!

எனக்கும் இதெல்லாம் பிறக்கும்போதே தெரிந்துவிடவில்லை. முன்பு முட்டை தினம் ஒன்று காணாமல் போனபோது ஒரு வாரம் காக்கையைத் திட்டினேன். காக்கை கொத்தியிருந்தால் ஓடு கிடக்கும் என்று யோசிக்கவில்லை. ஒரு துண்டு ஓடுகூட இல்லாமல் முட்டை மாயமாவது பாம்பின் வேலை. முழுசாக விழுங்கிவிடும். பிறகு ஒருநாள் ஒரு குஞ்சு தலை மட்டும் பிசுபிசுவென்று ஈரமாகிச் செத்துக் கிடந்தது. விழுங்கப் பார்த்து, முடியாமல் கக்கிவிட்டுப் போயிருக்கிறது. அந்தப் பாம்பு ஏன் வந்தது? எலிக்காக. எலி ஏன் வந்தது? ராத்திரி முழுக்க நான் திறந்து வைத்த தீவனத் தட்டுக்காக. ஆக, விருந்துக்கு அழைத்ததே நான்தான். சரி, அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இந்த வலை விஷயத்தை மட்டும் என்னால் விட முடியாது. அறுகோணக் கண் போட்ட மெல்லிய கம்பி, அதற்குப் பெயர் கோழி வலை. கேட்டால் கோழியைக் காக்கிற வலை என்றுதானே தோன்றும்? இல்லவே இல்லை. அது கோழி வெளியே போகாமல் தடுக்கிற வலை. உள்ளே வருகிறவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கொஞ்சம் பெரிய நாய் பல்லால் இழுத்தால் கிழியும். எலி அந்தக் கண்ணிலேயே புகுந்து வரும். நாயோ நரியோ அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டும் வரும். இதை வாங்கும்போது யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? தேவையானது அரை அங்குலக் கண் உள்ள, கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வெல்டு மெஷ். அதையும் தரையோடு நிறுத்தாமல், அடியில் வெளிப்பக்கமாக ஓரிரு அடி மடித்துப் படுக்கப் போட்டு மேலே மண் மூட வேண்டும். பறிக்கிற பிராணி சுவரை ஒட்டித்தான் பறிக்கும், இரண்டடி பின்னால் தள்ளி நின்று பறிக்கிற அளவுக்கு அதற்குத் திட்டம் போடத் தெரியாது. நான்கு கோழியைப் புதைத்த பிறகு இந்த ஞானம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "நல்ல கோழியாக இருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருக்குமே" என்று செத்ததன் மேலேயே பழி போடுகிற கூட்டம். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. மேலே ஏறி உட்கார்ந்தால் விடியும்வரை பொம்மைதான். ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கியலாளர் 1972இல், வேட்டை விலங்குகள் ஏன் தேவைக்கு மேல் கொல்கின்றன என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கும்மிருட்டு இரவுகளில் கடற்காகங்கள் பறந்து தப்பாமல் கூட்டிலேயே உட்கார்ந்திருக்க, நரிகள் ஏராளமாகக் கொன்று, தின்னாமலே போட்டுவிட்டுப் போனதை அதில் சொல்லியிருக்கிறார். பறக்க வானம் இருந்த பறவைக்கே அந்தக் கதி. என் கோழிக்கு நான்கு பக்கமும் கம்பி.

அப்புறம் பருந்தை விரட்டப் பழைய சிடியைத் தொங்கவிடச் சொன்னவர்கள். பருந்துக்கு அது இரண்டு நாள் வேடிக்கை, மூன்றாம் நாள் பழகிவிடும். மேலே வலை போட்டு மூடுவதுதான் வழி. விஷம் வைக்கச் சொன்னவருக்கு நான் பதிலே சொல்லவில்லை. எலியைத் தின்று எனக்கு உபகாரம் செய்கிற ஆந்தை அந்த எலியோடு சேர்ந்து சாகும், அவ்வளவுதான் பலன்.

ருசி கண்டது திரும்ப வரும் என்று தெரியும். மிச்சம் மூன்றையும் குளியலறையில் அடைத்துவிட்டு, கூண்டைச் சுற்றி மாவைத் தூவினேன், இருட்டிலும் படம் பிடிக்கிற கேமராவைக் கட்டினேன். மறுநாள் மாவில் நான்கு விரல், நகம் பதிந்த தடம். பூனை நடந்தால் நகம் பதியாது. கீரிக்கும் மரநாய்க்கும் ஐந்து விரல். கேமராவில் 2 மணி 40 நிமிடத்துக்கு, வாலை ஆட்டிக்கொண்டு, ஏதோ மாமியார் வீட்டுக்கு வருவதுபோல் வருகிறது பக்கத்து வீட்டு நாய். கழுத்தில் மணி வைத்த பட்டை, ஒரு காது மடங்கியிருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கீரி என்று முதல் நாள் அடித்துச் சொன்னவரும் அவரேதான். மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நான்காவது முறையும் பார்த்தார்.

"அட, பட்டைகூட நம்ம நாயோடது மாதிரியே இருக்கே" என்றார்.